பூத்தும் காய்க்காத ஹனிபெரித் தோட்டம்

போன மாதம் ஹம்பேர்க்கில் பெரிய கடையொன்றில், ஸ்ரோபெரிக்கும் புளூபெரிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி ஹனிபெரியைக் கண்டேன். சுண்டுவிரல் நுனி அளவில் நீள நீளமான பழங்கள். நீலத் தோலின்மேல் சாம்பல் பூசியதுபோல ஒரு வெண்மை. பக்கத்தில் நின்ற பெண் யோசிக்காமல் இரண்டு பெட்டியை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனாள். நான் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பழத்தை ஒருவர் வாயில் வைப்பதற்கு நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் பண்ணையில் இப்போது வேலை செய்கிறவர்களுக்கும் பாதிதான் தெரியும். அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் பிழையை விட்டுவிட்டு மீதியைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. முழுவதையும் எழுதலாம்.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். எண்பதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, கொஞ்சக் காலம் வேலை செய்ய அனுமதியில்லாமலும், பிறகு உணவகக் குசினியில் கோப்பை கழுவியும் இருந்தேன். ஹம்பேர்க்குக்குத் தெற்கே ஒரு நாற்றுப்பண்ணையில் பருவகால வேலை கிடைத்தது. இலையுதிர் காலத்தில் போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றேன். படித்துப் பெற்ற பத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. பதிவைப்பதையும் ஒட்டுவதையும் கை பார்த்துப் பழகியது.

பண்ணையின் உரிமையாளர் ஃப்ராவ் லூடர்ஸ். உயரமான பெண்மணி. கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஒருநாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது பழுதென்று யாராவது ஓடிவந்தால், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு கேட்பார்: "கண்டது என்ன? அதைச் சொல்லுங்கோ. நினைக்கிறதைப் பிறகு சொல்லலாம்." இலை மஞ்சளாயிருக்கிறது என்றால் ஏற்றுக்கொள்வார். தண்ணீர் போதவில்லை என்று தொடங்கினால், "அது நினைக்கிறது" என்று நிறுத்திவிடுவார். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. ஜெர்மன் மொழியில் நினைப்பதைச் சொல்வதே கஷ்டம். இவர் அதையும் தரம் பிரிக்கச் சொல்கிறாரே என்று.

ஹனிபெரியைப் பண்ணைக்குக் கொண்டுவந்தவள் லிடியா. என்னோடு நாற்றுக்கூடத்தில் வேலை செய்தவள். சைபீரியாவில் பிறந்த ஜெர்மன்காரி; சோவியத் நாடு உடைந்தபின் குடும்பத்தோடு இங்கே குடியேறினாள். வரும்போது தாயாரின் தோட்டத்திலிருந்து இரண்டு சிறு செடிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒன்று முந்திப் பூக்கும், நீளப் பழம். மற்றது சில நாள் பிந்திப் பூக்கும், பழம் சற்று உருண்டை. இரண்டும் பண்ணையின் பின்வேலியோரம் வளர்ந்து, கிளை பதித்துப் பெருகி, ஒரு வரிசைப் பற்றையாகிவிட்டன.

"ஒரே இனத்தை மட்டும் வைச்சால் பூவைத்தான் பாத்துக்கொண்டிருக்கலாம்," என்பாள் லிடியா. "இதுக்குப் பக்கத்தில வேற இனம் நிக்கவேணும். அதின்ர தூள் இதுக்கு வரவேணும். அப்பதான் காய்க்கும்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ராவ் லூடர்ஸுக்கு இந்தச் செடிமேல் கண் விழுந்தது. ஏப்ரல் உறைபனி பூவைத் தொடுவதில்லை. பழமோ இந்நாட்டு ஸ்ரோபெரி வயலில் பழுப்பதற்கு முன்னரே வந்துவிடும். சந்தையில் வேறு பழம் இல்லாத அந்த இரண்டு மூன்று வாரம் இதற்குச் சொந்தம் என்பது அவருடைய கணக்கு.

முதல் வருடம் வாரச்சந்தைக்குக் கொண்டுபோய் அவமானப்பட்டுத் திரும்பினோம். இரண்டு குற்றம். ஒன்று பெயர். இந்தச் செடியின் ஜெர்மன் பெயரைச் சொன்னதும் ஆட்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அதே பெயரோடு வேலியில் சிவப்புக் காய் காய்க்கும் அதன் உறவுக்காரச் செடி நஞ்சு என்று இங்கே சின்னப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மற்றது எங்கள் அவசரம். பழம் வெளியே நீலமானதும் பறித்துவிட்டோம். துணிந்து வாங்கியவர்கள் ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் ஃப்ராவ் லூடர்ஸ் பெயர்ப்பலகையை மாற்றி மே மாதப் பழம் என்று பொருள்படும் 'மைபேரெ' என்று எழுதுவித்தார். பறிப்பதற்கும் ஒழுங்கு வைத்தார். காலையில் ஒவ்வொரு பற்றையிலும் வெயில் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, அடிக்கிளையில் ஒன்று என்று மூன்று பழம் எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டவேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தப் பற்றையைத் தொடக்கூடாது. உள்ளும் நாவல்பழச் சிவப்பாக இருந்தால் மட்டும் பறிக்கலாம். அதையும் கையால் இழுக்கக்கூடாது. கீழே படங்கை விரித்துக் கிளையை மெல்ல ஆட்டவேண்டும். பழுத்தது விழும், பழுக்காதது நிற்கும். வெளியே நீலமான நாளிலிருந்து உள்ளே சிவக்க இரண்டு வாரம்கூட எடுக்கும். அந்த இரண்டு வாரத்தில் குருவிகள் தின்னாமல் வலை போட்டுக் காப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி.

நாற்று உண்டாக்குவது என் பொறுப்பு. ஜூன் மாதத்தில் வெயில் ஏறுமுன் இளங்கிளைகளை வெட்டி, அடி இலையைக் கிள்ளி, ஈரமணலில் ஊன்றி, மேலே மெழுகுத்தாள் கூடாரம் போட்டு, தண்ணீர்ப்புகை விட்டு வைப்பேன். வேர் விட்டபின் சின்னச் சாடிகளுக்கு மாற்றவேண்டும். முந்திப் பூக்கும் இனத்துக்கு அடையாளமாக வெள்ளைக் குச்சி, பிந்திப் பூப்பதற்கு மஞ்சள் குச்சி. இதில் ஃப்ராவ் லூடர்ஸுக்கு ஒரே சட்டம்தான்: முதலில் செடி, பிறகு குச்சி. வெறும் சாடியில் குச்சி குத்தக்கூடாது.

எங்கள் முதல் பெரிய ஓடரைத் தந்தவர் ஹெர் மைனன். பக்கத்து ஊரில் பால்மாடு வைத்திருந்தவர், ஐம்பது வயது தாண்டியவர். மாடுகளை விற்றுவிட்டு, அந்தப் புல்நிலம் முழுவதும் ஹனிபெரி வைக்கப்போவதாக வந்து சொன்னார். ஒரு நிரை வெள்ளைக் குச்சி, ஒரு நிரை மஞ்சள் குச்சி என்று நானே நின்று நடுவித்தேன்.

நட்ட அடுத்த வசந்தத்தில் பூ குறைவு. செடி இளசு என்றோம். இரண்டாம் வருடம் நன்றாகப் பூத்தது, காயில்லை. பூக்காலம் முழுக்க மழை என்று சொன்னோம். மூன்றாம் வருடமும் அப்படியே. தேனீ வரவில்லை போலும் என்றோம். எல்லாம் நினைத்தது, ஒன்றும் கண்டதில்லை. ஃப்ராவ் லூடர்ஸ் மண்ணை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். மண்ணில் குறையில்லை என்று பதில் வந்தது.

நான்காம் வசந்தத்தில் ஹெர் மைனன் பண்ணை அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பற்றையெல்லாம் வடிவாத்தான் நிக்குது. என்ர மாடுகளும் வடிவாத்தான் நிண்டது. ஆனால் அதுகள் பாலும் தந்தது," என்றார். "இந்த வருசமும் இல்லையெண்டால் உழுது போட்டுட்டு, நிலத்தைக் குத்தகைக்குக் குடுக்கப்போறன்."

ஃப்ராவ் லூடர்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹெர் சூசை, நீங்கள் போய் அங்கை இருங்கோ. ஒரு நாள் முழுக்க இருங்கோ. ஒண்டும் செய்யவேண்டாம். பாத்துக்கொண்டு வந்து சொல்லுங்கோ."

மறுநாள் காலை ஒரு கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து பார்த்தேன். இளமஞ்சள் பூக்கள் இரண்டிரண்டாகத் தொங்கின. இந்தச் செடியில் இரட்டைப் பூ சேர்ந்துதான் ஒரு பழம். காற்றுக் குளிர், தேனீ இல்லை. ஆனால் ஹும்மல் என்று இங்கே சொல்லும் பருத்த, ரோமம் மூடிய வண்டுத்தேனீக்கள் இருந்தன. நிரைக்கு நிரை தாவின. பிறகு ஏன் காய்க்கவில்லை? மத்தியானம் பாணை எடுத்துச் சாப்பிட்டபடி வெள்ளைக் குச்சி நிரையையும் மஞ்சள் குச்சி நிரையையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவுக்குப் பூ விரிந்திருந்தது. ஒரே அளவுக்கு மொட்டு மீதியிருந்தது.

பாணைக் கீழே வைத்தேன். பண்ணையின் பின்வேலியில் லிடியாவின் முந்தின இனம் பூத்து நாலு நாளாகிறது. பிந்தின இனம் இன்னும் மொட்டு. அதை அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இங்கேயும் மஞ்சள் குச்சி நிரை மொட்டாகத்தான் நிற்கவேண்டும். எழுந்துபோய்த் தண்டைப் பார்த்தேன். வளர்ந்தபின் பிந்தின இனத்துக்குப் பட்டை செம்மண்ணிறம். அங்கே எல்லாப் பற்றைக்கும் ஒரே வெளிறிய பட்டை. வயல் முழுவதும் ஒரே இனம்.

அது எப்படி நடந்தது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. சாடி மாற்றிய அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. அன்று பின்னேரம் எங்கள் குடும்பத்தின் வதிவிட அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெர்மீன், நேரம் குறித்துத் தந்த சந்திப்பு. பிந்தினால் இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க, வெறும் சாடிகளிலேயே மஞ்சள் குச்சிகளை வரிசையாகக் குத்தி வைத்தேன். பிறகு கூடாரத்தைத் திறந்தால் பிந்தின இனம் முழுவதும் அழுகிப்போயிருந்தது. முந்தின இனம் மிஞ்சியிருந்தது. சாடிகள் வெறுமையாக இருக்கவேண்டாமே என்று அதை எடுத்து நட்டுவிட்டு, குச்சியை நாளைக்கு மாற்றலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் காலையிலேயே என்னை லொறி ஏற்ற அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பிவந்தபோது சாடிகள் வெளியே அடுக்கப்பட்டிருந்தன. மறந்துபோனேன். அந்த மஞ்சள் குச்சிச் சாடிகள் அத்தனையும் ஹெர் மைனனுக்குத்தான் போயின.

வயலைப் பார்த்த அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி றெஜினாவிடம் சொன்னேன். அவள் ஹம்பேர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவள். சீருடையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவைக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லாமல் விட்டால் ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது. அந்தாள் உழுதுபோட்டால் அதோட முடிஞ்சுது."

நான் சொன்னது எனக்கே கேட்டது. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லுறதெண்டால் நாளைக்கே சொல்லுங்கோ. இண்டைக்குப் பிழை. பிந்தினால் பொய்யாப் போயிடும்."

மறுநாள் அலுவலகத்தில் ஃப்ராவ் லூடர்ஸ் முன் நின்றேன். இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை.

"கண்டது என்ன?"

"எல்லா நிரையும் ஒரே நாளில பூத்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பட்டை."

அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"நினைக்கிறது என்ன?"

"நினைக்கிறது ஒண்டுமில்லை, ஃப்ராவ் லூடர்ஸ். எனக்குத் தெரியும். குச்சியை முதல் குத்தினது நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் எழுந்து வாகனத் திறப்பை எடுத்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. மைனனிட்டைப் போகவேணும்."

நாங்கள் போனபோது ஹெர் மைனன் முற்றத்தில் ட்ராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பின்னால் கலப்பை பூட்டியிருந்தது.

"எங்கட பண்ணை பிழை விட்டிருக்கு," என்று ஃப்ராவ் லூடர்ஸ் தொடங்கினார். "உங்களுக்கு வந்தது ஒரே இனம். புதுச் செடி முழுக்க நாங்கள் தருவம்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்பதும் விளங்கியது. அங்கேயே நின்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"பண்ணை இல்லை, ஹெர் மைனன். நான்தான்," என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். துணியை எறிந்துவிட்டு வெறுமையாகக் கிடந்த மாட்டுத்தொழுவத்துக்குள் போய்விட்டார். நாங்கள் இருவரும் முற்றத்தில் நின்றோம். திரும்பிவந்தபோது அவருடைய முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"இந்தப் பூ இன்னும் எத்தினை நாள் நிக்கும்?"

"பத்து நாள் நிக்கும்," என்றேன்.

"அதுக்குள்ள ஏதும் செய்யலாமோ?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. பழைய அப்பிள் தோட்டங்களில் செய்கிற ஒரு வேலை உண்டு. வேற்றினத்துப் பூங்கிளையை வெட்டித் தண்ணீர் வாளியில் நிறுத்தி மரங்களுக்கு நடுவில் வைப்பார்கள். வண்டு அதிலும் உட்கார்ந்து இதிலும் உட்காரும். லிடியாவின் பிந்தின இனம் அன்றோ மறுநாளோ மலரும் நிலையில் நின்றது. ஆனால் அதை மொட்டையடித்தால் அந்த வருடம் அவளுக்குப் பழமும் இல்லை, பண்ணைக்குப் பதிக்கக் கிளையும் இல்லை.

லிடியாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ரஷ்ய மொழியில் நீளமாக ஏசினாள். பிறகு கத்தரியை என் கையிலிருந்து பறித்தாள்.

"நீ வெட்டாத. என்ர அம்மாவின்ர செடி, நானே வெட்டுறன்."

வர்ணப்பூச்சு வாளி, ஊறுகாய் வாளி, மாட்டுக்குத் தண்ணீர் வைத்த வாளி என்று ஹெர் மைனனிடம் இருந்தது அத்தனையையும் கழுவி எடுத்தோம். நிரை நெடுக வைத்து, கம்புகளில் கட்டினோம். வேலைக்குப் போகுமுன் தினமும் நான் போய்த் தண்ணீர் மாற்றினேன். வாடிய கிளைக்குப் பதில் லிடியா புதிதாக வெட்டித் தந்தாள். ஹெர் மைனனும் ஒவ்வொரு காலையிலும் வந்து மறு நுனியிலிருந்து தண்ணீர் மாற்றிக்கொண்டு வருவார். நடுவில் சந்திப்போம். "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்வார். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்.

பூ உதிர்ந்து மூன்றாம் வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். போனபோது ஒரு பற்றைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். கிளையைத் தூக்கிக் காட்டினார். இலைக்கடியில் பச்சைக் காய்கள் நெருக்கமாகத் தொங்கின. வாளி நின்ற இடங்களைச் சுற்றித்தான் காய்த்திருந்தது. தள்ளிப் போகப்போகக் குறைந்து, இரண்டு வாளிகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. கலப்பை திரும்பக் கொட்டிலுக்குள் போயிற்று.

நீலமானதும் பறிக்கத் துடித்தார். வெட்டிக் காட்டினேன்; உள்ளே பச்சை.

"இன்னும் பத்து நாள் பொறுக்கவேணும், ஹெர் மைனன்."

"நாலு வருசம் பொறுத்தனான்," என்றார். ஆனால் வலையைத் திரும்ப இழுத்து மூடினார்.

மொத்த வியாபாரியிடம் கொடுக்க அந்த விளைச்சல் காணாது. பாதியை, லிடியாவைப்போலச் சைபீரியாவிலிருந்து வந்த அவளுடைய தேவாலயத்து ஆட்கள் வந்து வாங்கினார்கள். அவர்களுக்குப் பெயரும் சொல்லத் தேவையில்லை, ருசியும் காட்டத் தேவையில்லை. மீதியை என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு ஊன்ட்றொப் நினைவு வந்தது. அந்த ஊரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் தமிழ்ச்சனம் வரும். ஹம்பேர்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த தவம் அண்ணை அங்கே வருடாவருடம் கடை போடுவார். கேட்டவுடன் தன் மேசையில் பாதியை ஒதுக்கித் தந்தார்.

ஹெர் மைனன் தானே வாகனம் ஓட்டினார். சுவிசேஷ சபைக்காரப் பால்காரரும் மன்னார்க் கத்தோலிக்கனும் குளிர்ப்பெட்டிகளோடு அம்பாள் தேருக்குப் போனோம். மத்தியானம் வரை ஒரு பெட்டிகூடப் போகவில்லை. ஹனோவரில் கணினி வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளையொருத்தி மட்டும் நின்று, "இத ஃப்ரீசர்ல வச்சு ஸ்மூத்தி போடலாமா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹெர் மைனன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது வயதான அக்கா ஒருவர் வந்து ஒரு பழத்தை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"தம்பி, நாவல்பழத்தின்ர தம்பியார் போல கிடக்குது. உப்பும் தூளும் இல்லையோ?"

தவம் அண்ணை மேசைக்கடியிலிருந்து உப்பையும் மிளகாய்த்தூளையும் எடுத்தார். அக்கா ஒரு பிடி பழத்தைக் கடதாசித் தட்டில் போட்டுக் குலுக்கி, நின்ற இடத்திலேயே தின்று முடித்தார். "ஓம், இப்ப சரி. மூண்டு பெட்டி தாங்கோ," என்றார். நாக்கை நீட்டித் தன் மகளுக்குக் காட்டினார், கருநீலம். அதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் ஆட்கள். ஹெர் மைனனுக்கு நடப்பது ஒன்றும் விளங்கவில்லை. "பழத்துக்கு மிளகாயோ?" என்று என்னைக் கேட்டார். ஒரு தட்டைக் கையில் கொடுத்தேன். தின்றார், இருமினார், கண்ணீரைத் துடைத்தார், தட்டைத் திரும்ப நீட்டினார். தேர் சுற்றித் திரும்பி இருப்புக்கு வருமுன் பெட்டிகள் முடிந்துவிட்டன.

வெறும் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரையில் சிறிது நேரம் நின்றோம். அந்த இலையுதிர் காலத்தில் மஞ்சள் குச்சி நிரை முழுவதையும் கிண்டி, அதற்கு முந்தைய வருடம் பதித்து வளர்ந்திருந்த சரியான செடியை நான் என் விடுமுறையில் வந்து நட்டுத் தருவதாகச் சொன்னேன்.

"தனிய வேண்டாம். நானும் கிண்டுறன்," என்றார்.

பிறகு கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் பக்கம் நீட்டினார். இந்த நாட்டில் ஒருவர் மற்றவரை நீங்கள் என்பதிலிருந்து நீ என்று மாறுவது சின்ன விஷயமல்ல. பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தும் மாறாதவர்கள் உண்டு. வயதில் மூத்தவர்தான் அதை முதலில் கேட்கவேண்டும். கேட்பது எப்படியென்றால், தன் முதற்பெயரைச் சொல்வது.

"ஹின்றிக்," என்றார்.

அவருடைய விரல்களும் நீலம், என்னுடையதும் நீலம். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"அந்தோனி," என்றேன்.